இயற்கை: ஒதுக்கம்

ஜூன் 3, செவ்வாய்

உடுமலைக்காரர்கள் இன்று போன் செய்தார்கள். நிச்சயதார்த்தம் நடக்காது. அதைப் பற்றி எழுத வேறு ஒன்றுமில்லை.

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் உரைநூலுக்கு மெய்ப்புப் பார்த்தேன். "ஆற்றுப் படுகை" என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் "ஆற்றுப் படுக்கை" என்று இருந்தது. மாநிலத்துப் பிள்ளைகள் மொத்தமும் காவிரியில் பாய் விரித்துப் படுக்காமல் காப்பாற்றினேன். இது ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. தெரிய வேண்டும் என்று எனக்கும் இல்லை.

மாலையில் கானகாவில் முட்டை ஒன்று பொரிந்து ஒரு மின்கீரி வந்தது. பல வருடம் கழித்து இதைப் படிக்கப்போகும் நான் மறந்திருந்தால்: கானகா என்பது போனில் ஆடும் விளையாட்டு. காட்டில் திரிந்து உயிரிகளைப் பிடித்து, வளர்த்து, பிறர் வளர்த்தவற்றோடு மோத விட வேண்டும். போன வருடம்தான் தமிழில் வந்தது. ஒவ்வொரு உயிரிக்கும் ஒரு பக்கம் உண்டு. தாக்கு, தடுப்பு, வேகம் என்று பல எண்கள். அவற்றுக்கு அடியில், யாருக்கும் சரியாக விளங்காத ஒரு வரி. என் கீரிக்கு அது இப்படி இருந்தது: "இயற்கை: ஒதுக்கம்."

ஜூன் 8, ஞாயிறு

கானகா தமிழ்க் குழுவில் என் பெயர் வெண்தேக்கு. நான் யார், எந்த ஊர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கு அந்தக் குழு பிடித்திருப்பதற்குக் காரணமே அதுதான்.

இன்று ஒருவர் கேட்டிருந்தார், ஒதுக்கம் என்று போட்ட உயிரியை என்ன செய்வது என்று. பதில் உடனே வந்தது. "தனியா இறக்கு ப்ரோ. டீம்ல வேற யாரையும் வைக்காத. அதுக்கு ஆள் சேந்தா ஆகாது." பாவம், மூன்று உயிரிகளை இறக்க வேண்டிய போட்டிகளில் ஒன்றை மட்டும் இறக்கிப் பலர் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். கரூரில் ஒருவர் "இயற்கை: கூச்சம்" என்று இருக்கிற தவளையை வைத்திருக்கிறார். யாராவது எட்டிப் பார்த்தால் அதன் பலம் குறைந்துவிடும் என்று கழிவறைக்குள் உட்கார்ந்து ஆடுகிறாராம்.

இவ்வளவுக்கும் மூலம் ஃபெலிக்ஸ். கோவைக்காரர். கானகா பற்றித் தமிழில் காணொளி போடுபவர்களில் பெரிய ஆள். இயற்கை என்றால் சூழல் என்று அவர்தான் சொன்னார். "குளிர்ச்சின்னு போட்ருந்தா பனி மைதானத்துல இறக்குங்க மக்களே, பிச்சு உதறும்!" என்று அவர் கத்துகிற காணொளியை இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். நானும் பார்த்தேன். எங்கேயோ உறுத்தியது. ஆனால் எங்கே என்று தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

அம்மா நிச்சயப் புடவையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். தோசைமாவு புளித்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

இன்னொரு மின்கீரி கிடைத்தது. முதல் கீரி பொரிந்த அதே பண்ணை, அதே நாள் முட்டை. விளையாட்டில் வருகிற பண்ணைக்காரர் இரண்டையும் பார்த்து ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்: "நன்று." அந்த மனிதர் பிறவியிலேயே உயிரிக்கு இருக்கிற வலுவைப் பார்த்து சுமார், நன்று, ஒப்பற்றது என்று மட்டும் சொல்வார். எண்ணைச் சொல்ல மாட்டார்.

இரண்டையும் ஒரே மாதிரி வளர்க்கிறேன். இது சண்டை போட்ட உயிரியோடு அதுவும் போடுகிறது. ஒரே ஒரு வித்தியாசம்தான். இரண்டாவதின் வரியில் "இயற்கை: முரடு" என்று இருக்கிறது.

அம்மா அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். வெயிலில் நின்று கத்திவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் நான் போனோடு சாய்ந்திருப்பதைப் பார்த்தால் பொறுக்காது. இன்று ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாளாகவே என்னை ஒன்றும் சொல்வதில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் அம்மா சமையலறையில் சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். மிக்சி நின்ற இடைவெளியில் கொஞ்சம் கேட்டது. "ஜாதகமெல்லாம் பொருந்துச்சு அமுதா. புள்ளையோட சுபாவந்தான் ஒத்து வராதுன்னுட்டாங்க. ஒதுக்கமா இருக்கறாளாம். சிரிச்சுப் பேச மாட்டேங்கறாளாம்." பிறகு மிக்சி ஓடியது.

வேறொரு விஷயம். இன்று அந்த வரியின் புதிரை அவிழ்த்துவிட்டேன்.

இயற்கை என்பது தவறான மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் மரம் மட்டைக்கும் மனித குணத்துக்கும் ஒரே சொல்தான், நேச்சர். மொழிபெயர்த்தவரோ இயந்திரமோ முதல் பொருளை எடுத்துக்கொண்டது. அங்கே இருக்க வேண்டிய சொல் சுபாவம். குளிர்ச்சி என்பது பனி இல்லை, பதற்றப்படாத குணம். கூச்சம், முரடு, ஒதுக்கம் எல்லாம் இடங்களின் பெயர்கள் இல்லை. எல்லாம் குணங்கள்.

உடனே இரண்டு கீரிகளின் பக்கங்களையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தேன். முரட்டுக் கீரிக்கு வேகம் 100, தடுப்பு 100; முரடு தொடுவது வேறு எண்களை. ஒதுக்கக் கீரிக்கு வேகம் 110, தடுப்பு 90.

சுபாவம் ஒன்றில் பத்தில் ஒரு பங்கை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்கிறது. இவ்வளவுதான். ஒதுக்கம் என்றால் தடுப்பு குறையும், வேகம் கூடும். குறைவதை மட்டும் பார்த்துவிட்டு இந்த உயிரியைக் கழித்துக்கட்டுகிறவர்கள் அடுத்த வரியைப் படிக்காதவர்கள்.

எப்படித் திடீரென்று தோன்றியது என்று விளக்கத் தேவையில்லை. மெய்ப்புப் பார்ப்பவளுக்குச் சொல்தான் தொழில்.

எனக்கு இன்று கர்வமாக இருக்கிறது. இரண்டு லட்சம் பேர் பார்த்தும் காணாததை நான் கண்டேன். இந்த வரியை யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் அடக்கமில்லாமலே எழுதிக்கொள்ளலாம்.

ஜூன் 29, ஞாயிறு

குழுவில் பதிவு போட்டுவிட்டேன். ஒரு வாரம் எழுதினேன். கண்ணுக்குத் தெரியாத மூன்று விஷயங்கள் ஓர் உயிரியை ஆக்குகின்றன என்று தொடங்கினேன். முதலாவது பிறவி, அதை மாற்ற முடியாது. இரண்டாவது உழைப்பு, வேகமான உயிரிகளோடு மோதி மோதி வளர்ந்தால் வேகம் ஏறும், கெட்டியானவற்றோடு மோதினால் தடுப்பு ஏறும், ஆனால் மொத்த உழைப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதால் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது சுபாவம். எல்லாச் சுபாவங்களுக்கும் எது கூடும், எது குறையும் என்று சோதித்துப் போட்டிருக்கிறேன்.

பேருக்காக எழுதவில்லை. நாலு பேர் வீணாகத் தோற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான்.

பதிவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஏழெட்டுத் தடவை பார்த்தேன்.

"வேற லெவல் ப்ரோ."

"தல, நீங்க தமிழ் வாத்தியாரா?"

கரூர்க்காரர் எழுதியிருந்தார்: "அப்ப நான் ஹால்லயே உக்காந்து ஆடலாமா ப்ரோ?" ஆடலாம் என்றேன். ஒரு குடும்பம் காலையில் நிம்மதியாகக் கழிவறைக்குப் போகும்.

ஜூலை 4, வெள்ளி

ஃபெலிக்ஸ் என் பதிவைப் படித்துக் காணொளி போட்டிருக்கிறார்.

"மக்களே, நம்ம குரூப்புல வெண்தேக்குன்னு ஒரு தம்பி இருக்காப்ல. தம்பி நமக்குத் தமிழ் கிளாஸ் எடுக்கறாப்ல. இயற்கை இல்லீங்களாம், சுபாவமாம்! தம்பி, நாங்க கேம் ஆடறமா, இல்ல பொண்ணு பாக்கப் போறமா? பையன் சுபாவம் எப்புடி, பொண்ணு சுபாவம் எப்புடின்னு விசாரிக்கறதுக்கு?"

பின்னணியில் சிரிப்பொலி வேறு சேர்த்திருக்கிறார்.

நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன். பிறகு துணி துவைத்தேன். துவைத்த துணியையே மறுபடியும் நனைத்துவிட்டேன்.

மாலையில் அவர் காணொளிக்குக் கீழே எழுதினேன்: "உங்கள் பனிக்குருகின் சுபாவம் குளிர்ச்சி. அது வேகத்தைக் குறைக்கும். நீங்கள் விரும்புகிற பனி மைதானத்திலேயே ஆடுவோம். உங்கள் குருகு என் மின்கீரிக்குப் பிறகுதான் நகரும்." கானகா ஆடுகிறவர்களுக்கு இது பெரிய வார்த்தை. குருகு இனமே கீரி இனத்தைவிட வேகம் கூடியது.

பதில் உடனே வந்தது. "சவாலா தம்பி? ஆகஸ்ட் பத்தாம் தேதி கோயமுத்தூர்ல மாநிலப் போட்டி. நானும் ஆடறேன். நேர்ல வாங்க. மூஞ்சியக் காட்டுங்க. அப்ப ஒத்துக்கறேன்."

நான் தட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்து அம்மா கேட்டாள்.

"ஆருகூட கண்ணு?"

"ஒரு ப்ரோகூடச் சண்டை."

"ப்ரோன்னா?"

"அண்ணன்ம்மா."

"நம்ம ஊட்ல ஏதுடி அண்ணன்?" என்றவள், கொஞ்சம் யோசித்து, "சண்டையில ஆரு ஜெயிக்கறாங்க?" என்றாள்.

ஒரு மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி.

ஜூலை 13, ஞாயிறு

போகக் கூடாது என்று முடிவு செய்தேன். சரியான கணக்குக்கு முகம் தேவையில்லை. நான் வராவிட்டாலும் ஒதுக்கக் கீரியின் வேகம் கூடத்தான் செய்யும்.

குழுவில் பாதிப் பேர் பழையபடி தனியாக இறக்கத் தொடங்கிவிட்டார்கள். "வெண்தேக்கு வர மாட்டான் ப்ரோ. எழுதறது ஈசி" என்று ஒருவர். "ஃபெலிக்ஸ் அண்ணன் சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்" என்று இன்னொருவர். கரூர்க்காரர் மட்டும் எனக்காக வாதாடிக்கொண்டிருக்கிறார்.

கோவைக்குப் போய் இரண்டு மாதமாகிறது. உடுமலைக்காரர் வேலை பார்ப்பதும் கோவையில்தான். ஊர் பெரியது. அது ஒரு காரணமே இல்லை. எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூலை 14, திங்கள்

பெயர் பதிந்துவிட்டேன். சொந்தப் பெயர் கேட்டது. விசாலினி என்று தட்டிவிட்டு, மெய்ப்புப் பார்த்துவிட்டு, அனுப்பினேன்.

ஜூலை 24, வியாழன்

கீரியின் உழைப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். தினமும் சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போய்த் தும்பிகளோடு மோத விடுகிறேன். தும்பியோடு மோதினால் வேகம். சில நாள் பாறைக்காட்டில் ஆமைகளோடு. ஆமையோடு மோதினால் தடுப்பு. தடுப்பு தொண்ணூறு என்பது பார்க்க நன்றாக இல்லை. கொஞ்சம் ஏற்றிவிடுகிறேன்.

அம்மாவிடம் போட்டி என்று மட்டும் சொன்னேன். என்ன போட்டி என்று கேட்காமல், "எத்தன ரவுண்டு?" என்றாள். ஆறு சுற்று என்றேன். "நாக்-அவுட்டா?" ஆமாம். "அப்ப மொத ரவுண்டுலயே எல்லாத்தையுங் காட்டிறாத" என்றாள். கபடியைப் பற்றித்தான் சொல்கிறாள். இருந்தாலும் சரியாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. சித்தி வந்திருந்தாள். எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளி சாதம். எல்லோரும் சேர்ந்து ஆழியாற்றுக்குப் போகலாம் என்றார்கள். நான் வரவில்லை என்றேன்.

"இப்புடியே ரூமுக்குள்ளயே இருந்தா எப்புடிக்கா?" என்று சித்தி அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். சித்தி குரலைத் தாழ்த்தினால் தெருமுனை வரை கேட்கும்.

"போட்டிக்கு ரெடியாகறா, உடு."

"என்ன, குரூப் ஃபோரா?"

"அதவிடப் பெருசு" என்றாள் அம்மா.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை பஸ்ஸில் போனேன். போட்டி ஒரு கல்லூரி அரங்கத்தில். மேடையில் இரண்டு நாற்காலி, பின்னால் பெரிய திரை. நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பெண்கள் என்று எண்ணினால் ஒரு வரிசைகூட நிறையாது.

அம்மா சொன்னபடி முதல் இரண்டு சுற்றிலும் கீரியை வெளியே எடுக்கவேயில்லை. மற்ற இரண்டை வைத்தே ஜெயித்தேன். மூன்றாவது சுற்றில் எதிராளியின் பெயரை அறிவித்தார்கள். ஃபெலிக்ஸ்.

அவர் மேடையேறியதும் மைக்கை வாங்கிக்கொண்டார். "மக்களே, வெண்தேக்கு தம்பி வந்துருக்காப்லயா? கூட்டத்துல இருந்தா கைய மட்டும் தூக்குங்க தம்பி, பயப்படாதீங்க." சிரித்தார்கள்.

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கினேன்.

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்றும் பார்த்தார். பிறகு மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நீங்களாங்க?" என்றார்.

"நான்தான். பனி மைதானமே வைங்க."

சொன்னபடி பனி மைதானம். சொன்னபடி அவர் பனிக்குருகை இறக்கினார். நான் கீரியை இறக்கினேன், மற்ற இரண்டும் பின்னால் இருக்க. "ஒதுக்கத்தைக் கூட்டத்தோட இறக்கறாங்கப்பா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். இரண்டு பேரும் ஆணையைக் கொடுத்தோம். எந்த உயிரி முதலில் நகரும் என்பது திரையில் வரும்வரை ஆட்டக்காரருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. இருந்தும் திரையையே பார்த்தேன்.

கீரி முதலில் பாய்ந்தது.

குருகு நகர்வதற்குள் விழுந்துவிட்டது.  பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து நின்று, "ஹால்லயே ஆடலாம்னு அப்பவே சொன்னாங்கடா!" என்று கத்தினார். கரூர்க்காரர். தொப்பையும் மீசையுமாக இருந்தார். அவரை வேறு மாதிரி நினைத்திருந்தேன்.

மீதி ஆட்டத்தையும் ஜெயித்தேன். ஃபெலிக்ஸ் எழுந்து மைக்கை வாங்கினார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓடி ஒளியவில்லை. "மக்களே, நான் சொன்னது தப்பு. இவங்க சொன்னதுதான் சரி. இயற்கை இல்ல, சுபாவம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க பேருங்க சிஸ்டர்?" என்று மைக்கை நீட்டினார்.

அந்த இடத்தில் வெண்தேக்கு என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"விசாலினி" என்றேன். "பொள்ளாச்சி. கண்டுபிடிச்சது நான்தான்."

இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். 

கால் இறுதி சுலபமாகப் போனது. அரையிறுதியில் எதிரே ஹஃப்ஸா என்று ஒரு பெண். ஈரோட்டில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம். கல்லூரி அடையாள அட்டையைக் கழற்றாமல் வந்திருந்தாள். அவளும் மின்கீரியை இறக்கினாள். ஆளுக்கு ஒரு கீரி மட்டும் மிச்சம் இருக்கிற கட்டம் வரை இழுத்து வந்துவிட்டாள். இரண்டுமே ஒதுக்கம் என்று முந்தைய ஆட்டங்களில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். யாருடையது முதலில் பாய்கிறதோ அவர்களுக்கு வெற்றி.

அவளுடையது பாய்ந்தது.

மேடையை விட்டு இறங்கியதும் அவளே ஓடி வந்தாள்.

"அக்கா, நீங்கதான் வெண்தேக்கா! உங்களை இவ்வளவு நாளா அண்ணான்னு நெனச்சுட்டு இருந்தேங்க்கா. ஐயோ, சாரிங்க்கா."

"இருக்கட்டும். உன் கீரிக்கு வேகம் எவ்வளவு?"

காட்டினாள். மொத்த உழைப்பையும் வேகத்தில் போட்டிருந்தாள். தடுப்பில் ஒரு புள்ளிகூட இல்லை. என்னுடையதைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க்கா தடுப்புல போட்டீங்க? குறையறத நெரப்பப் போகாதீங்க, கூடறத இன்னுங் கூட்டுங்கன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க? ஆறாவது பத்தியில. அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கறேங்க்கா."

எடுத்துக் காட்டினாள். என் வரிதான். எழுதியதே நினைவில் இல்லை. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நான் ஆமைகளோடு மோதிக்கொண்டிருந்திருக்கிறேன். தடுப்பு குறைவு என்று அந்தக் கீரியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன் போலிருக்கிறது. கீரியைத்தான் சொல்கிறேன்.

இறுதி ஆட்டத்தை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஹஃப்ஸா ஜெயித்தாள். கடைசிப் பாய்ச்சலுக்கு நான் நாற்காலியிலிருந்து எழுந்து கத்தினேன். பக்கத்தில் கரூர்க்காரரும் கத்தினார். கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவள் என்னைத் தேடிக் கையாட்டினாள்.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா வண்டியோடு நின்றாள். விசிலைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் பயிற்சி வைக்கிறவள் இந்த ஊரில் இவள் ஒருத்திதான்.

"என்னாச்சு?"

"செமிஃபைனல்ல தோத்துட்டேன்."

என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இருபத்தெட்டு வருசமா தோத்துட்டு வர்ற புள்ளைங்கள கிரவுண்டுல பாத்துட்டு இருக்கறேன். தோத்தவ மூஞ்சியாடி இது?"

"என்னைத் தோக்கடிச்ச கணக்கு நான் போட்டதும்மா."

"என்னது?"

"நான் எழுதுனத வெச்சே என்னை ஜெயிச்சுட்டா. நான் எழுதுனத நானே ஒழுங்காச் செய்யல. அவ செஞ்சா. மாநிலத்துலயே மொத ஆளு இப்ப அவதான். நான் எழுதுனத வெச்சு!"

"ஒண்ணும் புரியல. வண்டியில ஏறு. மொதல்ல இருந்து சொல்லு."

ஏறிக்கொண்டேன். மொதல்ல இருந்து சொன்னேன். பாலக்காடு சாலையின் லாரிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திச் சொன்னேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. வீட்டு வாசலில் அம்மா இன்ஜினை அணைத்த பிறகும், நான் இறங்காமல் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டேயிருந்தேன். அவளும் இறங்கச் சொல்லவில்லை.